வயர்ஷார்க் 4: நெட்வொர்க் படிக்கிறவர் கையில் எப்படி இருக்கிறது?

நெட்வொர்க் பாடத்தில் அடுக்குகளைக் கட்டம் கட்டமாகப் பலகையில் போட்டுக் காட்டுவார்கள். அதே அடுக்குகளை, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பிலிருந்து பிடித்துப் பைட் பைட்டாகப் பிரித்து வைக்கும் மென்பொருள் வயர்ஷார்க். காசு கிடையாது. ஜிபிஎல் உரிமம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஜெரால்ட் கோம்ஸ் 1998இல் எதீரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006இல் அவர் வேலை மாறியபோது பழைய பெயரின் உரிமை பழைய நிறுவனத்திடமே தங்கிவிட, வயர்ஷார்க் என்று பெயர் மாறியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நெறிமுறைகளை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளை, படிக்க இதைவிட நல்ல கருவி காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் திரையில் தெரிவதை அப்படியே நம்புகிறவர் தப்பான முடிவுக்குத்தான் போய்ச் சேருவார். பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை, இது எந்த இடத்தில் நின்று பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் அது காட்டும் எண்களுக்குப் பொருள் உண்டு. அதை மென்பொருள் தானாக வந்து சொல்லாது.

நிறுவும்போது

விண்டோஸில் நிறுவும்போது கூடவே என்பிகேப் என்ற டிரைவரும் வரும். பாக்கெட்டைப் பிடிப்பது அதுதான், வயர்ஷார்க் பிரித்துக் காட்டுகிற வேலையை மட்டும் செய்கிறது. என்பிகேப்பை வேண்டாம் என்று விட்டுவிட்டால் மென்பொருள் திறக்கும், பழைய கோப்புகளைப் படிக்கும், ஆனால் பிடிப்பதற்கு ஓர் இடைமுகமும் (ஈதர்நெட், வைஃபை போன்ற இணைப்பு வாயில்) பட்டியலில் வராது. 32 பிட் விண்டோஸுக்கு 4 வரிசைப் பதிப்புகள் கிடையாது. பழைய ஆய்வகக் கணினிகளில் இது இடிக்கலாம்.

உபுண்டு, டெபியன் பக்கம் வேறு சிக்கல். நிறுவும்போது சாதாரணப் பயனர்கள் பாக்கெட் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். முன்னிருப்பு விடை 'இல்லை'. பலரும் என்டரைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு இடைமுகமே தெரியவில்லை என்று சூடோ போட்டு மொத்த மென்பொருளையும் ரூட்டாக, அதாவது முழு நிர்வாகி உரிமையோடு, ஓட்டுவார்கள். அதைச் செய்யவே கூடாது. வெளியிலிருந்து வருகிற, எப்படி வேண்டுமானாலும் வடிவமைக்கப்பட்ட பைட்டுகளை நூற்றுக்கணக்கான டிசெக்டர்கள் (ஒவ்வொரு நெறிமுறையையும் பிரிக்கும் நிரல் பகுதிகள்) வாசிக்கின்றன. அவற்றில் அவ்வப்போது பாதுகாப்புப் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பும் வருகிறது. அந்த நிரல் ரூட்டாக ஓடினால் கணினி மொத்தமும் கைவிட்டுப் போக ஒரு கெட்ட பாக்கெட்டே போதும். சரியான வழி: வயர்ஷார்க்-காமன் தொகுப்பை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கொண்டு மறுபடி அமைத்து 'ஆம்' கொடுங்கள். உங்கள் பயனரை வயர்ஷார்க் என்ற குழுவில் சேருங்கள். பிறகு லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு 'குழுவில் சேர்த்தும் வேலை செய்யவில்லை' என்று தவிப்பவர்கள்தான் அதிகம்.

திறந்ததும் முதல் திரையில் இடைமுகங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே சின்னக் கோடு நெளிந்துகொண்டிருக்கும். நெளிவது எதுவோ அதில்தான் தரவு ஓடுகிறது. ஒரே கணினியில் சர்வர், கிளையன்ட் இரண்டையும் ஓட்டி சாக்கெட் நிரல் எழுதிப் பழகும் மாணவர்கள் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தரவு நெட்வொர்க் கார்டு வரைக்கும் போவதே இல்லை, கணினிக்குள்ளேயே சுற்றும் லூப்பேக் வழியில் திரும்பிவிடுகிறது. விண்டோஸில் அதற்கென்று என்பிகேப் தனி லூப்பேக் இடைமுகம் தருகிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விபிஎன் ஓடினாலும் இதே கதைதான்: ஈதர்நெட்டில் பிடித்தால் மறையாக்கப்பட்ட குழாய் மட்டும் தெரியும், விபிஎன் இடைமுகத்தில் பிடித்தால் உள்ளே போகும் பாக்கெட்டுகள் தெரியும்.

பிங்கிலிருந்து தொடங்குங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி நடக்கும் நெட்வொர்க் பாடத்தில், பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்ப்பது), டிரேஸ்ரூட் (வழியிலுள்ள ரவுட்டர்களைக் காட்டுவது) இரண்டின் பாக்கெட்டுகளையும் பிடித்து ஆராய்வது ஆய்வகப் பயிற்சியாகவே இருக்கிறது. நல்ல தேர்வு. பிங் சின்னது, கணக்கு நேராக வரும். விண்டோஸிலிருந்து ரவுட்டருக்கு ஒரு பிங் அனுப்பிப் பாருங்கள். நீளம் என்ற பத்தியில் 74 என்று இருக்கும். ஈதர்நெட் தலைப்பு 14, ஐபி 20, ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் நெறிமுறை) 8, தரவு 32. கூட்டினால் 74. லினக்ஸில் அதே பிங் 98 காட்டும், ஏனென்றால் அங்கே தரவு 56 பைட். நடுப் பலகத்தில் ஒவ்வொரு அடுக்கையும் சொடுக்கினால், கீழே பைட் பலகத்தில் அதற்குரிய பகுதி மட்டும் நிறம் மாறும். அடுக்கு என்றால் என்ன என்று விளக்க இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. விண்டோஸ் பிங்கின் 32 பைட்டுக்குள் ஆங்கில எழுத்து ஏ முதல் டபிள்யூ வரை வரிசையாகப் போய், மறுபடி ஏ-யிலிருந்து ஆரம்பிப்பதையும் அங்கேயே வாசிக்கலாம். எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் அங்கே இடமில்லை.

அடுத்த படி: விண்டோஸ் பிங்கில் எஃப் கொடியோடு (துண்டாக்காதே என்று பொருள்), தரவு அளவைக் குறிக்கும் எல் என்பதற்கு 1472 கொடுத்து வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்புங்கள். 1472, 8, 20 சேர்ந்து 1500. ஈதர்நெட்டின் எம்டியு (ஒரே தடவையில் சுமக்கக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) அவ்வளவுதான். உங்கள் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக இருந்தால் இது பெரும்பாலும் போகாது, ஏனென்றால் அந்தத் தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்கிறது. 1464க்கு இறக்கினால் போகும். போகாத சமயத்தில் ரவுட்டர் திருப்பி அனுப்பும் ஐசிஎம்பி வகை 3, குறி 4 என்ற பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். அடுத்த தாவலின் (அடுத்த ரவுட்டர் வரையுள்ள இணைப்பின்) எம்டியு எவ்வளவு என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கும். ஃபயர்வாலில் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்துவைக்கும் வழக்கம் ஏன் ஆபத்து என்பதும் இந்தப் பாக்கெட்டைப் பார்த்தால் விளங்கும். இது திரும்பி வராவிட்டால், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும்.

டிரேஸ்ரூட்டில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸின் டிரேசர்ட் ஐசிஎம்பி எக்கோ அனுப்புகிறது, டிடிஎல்லை (எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் மூன்று. லினக்ஸின் டிரேஸ்ரூட் சாதாரணமாக யுடிபி அனுப்புகிறது, போர்ட் 33434இலிருந்து. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாணவர்கள் ஒரே பயிற்சியைச் செய்து இரண்டு விதமான விடை எழுதினால் இரண்டுமே சரிதான். திரும்பி வரும் 'நேரம் முடிந்தது' என்ற ஐசிஎம்பி வகை 11 பாக்கெட்டுக்குள், நீங்கள் முதலில் அனுப்பிய பாக்கெட்டின் ஐபி தலைப்பும் அதற்குப் பின்னுள்ள சில பைட்டுகளும் நகலாக இருக்கும். வயர்ஷார்க் அதையும் பிரித்துக் காட்டுவதால், யுடிபி என்று வடிகட்டினாலும் இந்த ஐசிஎம்பி பாக்கெட்டுகள் பட்டியலில் வந்து நிற்கும். பிழை ஒன்றுமில்லை, உள்ளே யுடிபி தலைப்பு இருக்கிறது, அதனால் வருகிறது.

டிஹெச்சிபி (கணினிக்கு ஐபி முகவரி வழங்கும் நெறிமுறை) பார்க்க, விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையால் முதலில் ரிலீஸ், பிறகு ரினியூ கொடுக்க வேண்டும். அப்போதுதான் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக் என்ற நான்கும் வரும். ரினியூ மட்டும் கொடுத்தால் கடைசி இரண்டுதான் கிடைக்கும், பாதி காணோம் என்று தேட வேண்டாம். வேலையில் இருப்பவர்களுக்கு இது சோறு போடும் இடம். அலுவலகத்தில் சிலருக்கு மட்டும் இணையம் வரவில்லை, அவர்கள் ஐபி வேறு வரிசையில் இருக்கிறது என்றால், ரிலீஸ், ரினியூ செய்து பிடித்துப் பாருங்கள். ஒரே டிஸ்கவருக்கு இரண்டு ஆஃபர் வந்தால், யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து லேன் போர்ட்டில் சொருகியிருக்கிறார் என்று பொருள். இரண்டாவது ஆஃபரின் ஈதர்நெட் தலைப்பில் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்) இருக்கும். முதல் மூன்று பைட்டை வைத்துத் தயாரிப்பாளர் பெயரையும் வயர்ஷார்க்கே எழுதிவிடும். அந்த மேக் முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்சில் தேடினால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆஃபரே வரவில்லை, டிஸ்கவர் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது, கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது என்றால் கேபிள், விலேன் (ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் அமைப்பு), சர்வர் என்ற வரிசையில் பாருங்கள்.

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் ஒவ்வொரு விடையிலும், அது கேள்விக்கு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று சதுர அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். சதுர அடைப்புக்குறியை நினைவில் வையுங்கள். அதற்குள் இருப்பது எதுவும் பாக்கெட்டில் வந்ததில்லை, வயர்ஷார்க் தானே கணக்கிட்டுச் சேர்த்தது. பிரவுசரில் பக்கம் திறந்தும் டிஎன்எஸ் கேள்வி ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால், பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குள் வைத்து டிஎன்எஸ் கேட்கிறது, அல்லது விடை ஏற்கெனவே கேஷில் இருக்கிறது.

டிசிபி: மென்பொருளின் உச்சமும் இங்கே, ஏமாற்றமும் இங்கே

டிசிபி இணைப்பு தொடங்கும் மூன்று படி ஹேண்ட்ஷேக்கை (சின், சின்-ஆக், ஆக்; ஆக் என்றால் 'கிடைத்தது' என்ற ஒப்புகை) எல்லாரும் பார்ப்பார்கள். அதில் பலரும் தாண்டிப்போகும் ஒன்று: சின்னுக்கும் சின்-ஆக்குக்கும் நடுவிலுள்ள நேரம். சர்வரின் பயன்பாட்டு நிரல் இன்னும் களத்தில் இறங்கவில்லை, பதில் சொன்னது இயங்குதளம்தான். ஆகவே அது கிட்டத்தட்ட சுத்தமான பயண நேரம். அது 20 மில்லி விநாடியாக இருந்து, ஹெச்டிடிபி கேள்விக்கு முதல் பைட் வர 3 விநாடி ஆனால், நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டுப் பயனில்லை, சர்வர் பக்கம் போக வேண்டும். வியூ மெனுவில் நேரக் காட்சியை 'முந்தைய காட்டப்பட்ட பாக்கெட்டிலிருந்து' என்று மாற்றி வைத்தால் இந்த இடைவெளிகள் தானாகக் கண்ணில் படும். முன்னிருப்பாக, பிடிக்கத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் என்றுதான் காட்டுகிறது. யாருக்கு அது உதவும் என்று தெரியவில்லை.

சின்னுக்கு உடனே ரீசெட் (இணைப்பை மறுக்கும் பாக்கெட்) வந்தால் ஆள் இருக்கிறார், அந்த போர்ட்டில் கேட்பவர் இல்லை. ஃபயர்வால் வேண்டுமென்றே ரீசெட் அனுப்புவதும் உண்டு. ஒன்றுமே வராமல் சின் மட்டும் 1, 3, 7 விநாடி என்று மறுபடி மறுபடி போனால், பழைய லினக்ஸ் கர்னல்களின் மறுஅனுப்பல் தாளம் அது, நடுவில் யாரோ சத்தமில்லாமல் கீழே போடுகிறார். பயனருக்கு இரண்டும் 'இணைக்க முடியவில்லை' என்றுதான் தெரியும். பாக்கெட்டில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

வரிசை எண்கள் 0, 1 என்று அழகாகத் தொடங்குவதைப் பார்த்து, டிசிபி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது என்று தேர்வில் எழுதிவிடக் கூடாது. வாசிக்க வசதியாக வயர்ஷார்க் தொடக்க எண்ணைக் கழித்துக் காட்டுகிறது. உண்மையான எண் கணிக்க முடியாதபடி தேர்ந்தெடுக்கப்பட்ட 32 பிட் எண். அது பக்கத்திலேயே 'ரா' என்று தனி வரியில் இருக்கும்.

இனி ஏமாற்றங்கள். நீங்கள் அனுப்பும் ஆர்ப் (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் பாக்கெட்) 42 பைட்டாகவும், வந்த பதில் 60 பைட்டாகவும் இருக்கும். ஈதர்நெட்டின் குறைந்தபட்ச நீளம் 64 என்று புத்தகம் சொல்கிறது, அதில் கடைசி 4 பைட் சரிபார்ப்புத் தொகை, அதைக் கார்டு சாதாரணமாக மேலே தருவதில்லை. மிச்சம் 60. வரும் பாக்கெட் அந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறது. போகும் பாக்கெட் ஏன் 42? கார்டுக்குள் நுழையும் முன்பே வயர்ஷார்க் அதன் நகலை எடுத்துவிட்டது. 18 பைட் நிரப்பலைப் பிறகுதான் கார்டு சேர்க்கிறது. கம்பியில் போனது 64தான், திரையில் இருப்பது 42.

இதே காரணம் பெரிய அளவிலும் வரும். ஒரு கோப்பை அனுப்பிக்கொண்டே பிடித்தால் 2,900, 14,000, சில சமயம் 60,000 பைட்டுக்கு மேல் நீளமுள்ள டிசிபி பாக்கெட்டுகள் தெரியும். 1500 என்ற எல்லை எங்கே போனது? இயங்குதளம் பெரிய துண்டாகக் கார்டிடம் கொடுத்துவிட்டு, வெட்டுகிற வேலையை அதன் தலையில் கட்டுகிறது. இதை ஆஃப்லோடு என்பார்கள். வரும் திசையிலும் பல துண்டுகளை ஒன்றாக ஒட்டி மேலே தருவதுண்டு. படிப்புக்காகப் பிடிக்கும்போது நிறுத்திவிடுவது நல்லது: லினக்ஸில் ஈதிடூல் கட்டளையின் பெரிய கே தேர்வோடு டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் ஆஃப் செய்யலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், கார்டின் பண்புகள், அட்வான்ஸ்டு பகுதியில் லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு. வேலை முடிந்ததும் திரும்பப் போட மறக்க வேண்டாம், சர்வரில் இதை நிறுத்தி வைத்தால் சிபியு சுமை ஏறும்.

செக்சம் (சரிபார்ப்புத் தொகை) விஷயமும் அப்படித்தான். போகும் பாக்கெட்டின் டிசிபி செக்சமைக் கார்டுதான் நிரப்புகிறது என்பதால், நகலில் இருப்பது தவறான எண். ஒரு காலத்தில் வயர்ஷார்க் அதைச் சரிபார்த்து, நல்ல பாக்கெட்டையெல்லாம் பிழை என்று காட்டி எல்லாரையும் பயமுறுத்தியது. இப்போது அந்தச் சோதனை முன்னிருப்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. சரியான முடிவு.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் டிசிபி சிக்கல் என்று அர்த்தம். ரீடிரான்ஸ்மிஷன் (மறுஅனுப்பல்), டூப்ளிகேட் ஆக் (திரும்ப வந்த அதே ஒப்புகை), முந்தைய துண்டு பிடிபடவில்லை என்று வகை வகையாக எழுதியிருக்கும். இவையும் சதுர அடைப்புக்குறிக்குள் வரும் ஊகங்கள்தான். 'முந்தைய துண்டு பிடிபடவில்லை' என்றால் நெட்வொர்க்கில் தொலைந்தது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெறுகிறவர் அந்தத் துண்டுக்கும் ஆக் அனுப்பியிருந்தால் அது போய்ச் சேர்ந்திருக்கிறது, பிடிக்க முடியாமல் விட்டது உங்கள் கணினி. திரையின் அடியிலுள்ள பட்டையில் டிராப் எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள். உண்மையான இழப்பு என்றால் எங்கே நடந்தது என்பதையும் ஓரளவு சொல்லலாம்: அனுப்புகிறவர் பக்கத்தில் பிடித்து, முதல் பாக்கெட்டும் மறுபடி அனுப்பியதும் இரண்டுமே தெரிந்தால், இழப்பு உங்களைத் தாண்டிய பிறகு. பெறுகிறவர் பக்கத்தில் பிடித்து, மறுபடி அனுப்பியது மட்டும் தெரிந்தால், உங்களிடம் வருவதற்கு முன்பு. இரண்டு முனையிலும் ஒரே சமயத்தில் பிடித்து ஒப்பிடுவதுபோல் வராது. ஜீரோ விண்டோ என்று வந்தால் நெட்வொர்க்கின் மேல் பழி போடவே முடியாது. பெறுகிற கணினியின் நிரல் தரவை எடுத்துக்கொள்ளாமல் தேக்கி வைத்திருக்கிறது.

கண்ணுக்குப் படாதவை

வயர்ஷார்க் போட்டால் அலுவலகத்தில் எல்லாருடைய பாக்கெட்டும் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும் ஹப் இருந்த காலத்து நம்பிக்கை அது. ஸ்விட்ச் ஒரு மேக் முகவரிக்கான பாக்கெட்டை அதன் போர்ட்டுக்கு மட்டுமே அனுப்பும். திண்டிவனம் சுங்கச்சாவடியில் கேமரா வைத்துவிட்டு ஈசிஆர் சாலையில் போகும் வண்டிகளைத் தேடுவதுபோலத்தான். உங்களுக்குத் தெரிவது உங்கள் பாக்கெட், எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட், சில மல்டிகாஸ்ட். பிறருடையதைப் பார்க்க, போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் தரவை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுப்பது) உள்ள ஸ்விட்ச் வேண்டும். வெப் பக்கத்தில் அமைக்கக்கூடிய எட்டு போர்ட் சின்ன ஸ்விட்சுகள் சில ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன, மிரரிங், விலேன் இரண்டும் அவற்றில் இருக்கும். வயர்ஷார்க்கோடு சேர்த்து வாங்க வேண்டிய ஒரே வன்பொருள் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு கிகாபிட் போர்ட்டின் இரு திசையையும் மிரர் செய்தால் மொத்தம் 2 ஜிபிபிஎஸ் வரை வரலாம், வெளியே போகும் வழி 1 ஜிபிபிஎஸ்தான், மிச்சம் சத்தமில்லாமல் விழும். சுமை அதிகமுள்ள இணைப்பில் ஒரு திசையை மட்டும் மிரர் செய்யுங்கள்.

அனுமதி என்பதும் இங்கே வருகிறது. உங்களுடைய நெட்வொர்க்கா, பொறுப்பாளரின் ஒப்புதல் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பிறர் தரவைப் பிடிப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

வைஃபையில் நிலைமை இன்னும் மோசம். சாதாரண நிலையில் உங்கள் தரவு மட்டும், அதுவும் ஈதர்நெட் தலைப்பு மாட்டிய போலி வடிவில் வரும். பீக்கன், புரோப், அசோசியேஷன் போன்ற, வைஃபைக்கே உரிய 802.11 சமாச்சாரம் ஒன்றும் இருக்காது. அவை வேண்டுமென்றால் மானிட்டர் மோடு (காற்றில் வருவதையெல்லாம் கேட்கும் நிலை) வேண்டும். விண்டோஸில் அது பெரும்பாலான கார்டுகளில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. லினக்ஸும், டிரைவர் ஆதரவுள்ள யுஎஸ்பி அடாப்டரும் வைத்துக்கொள்வதே தலைவலியில்லாத வழி. டபிள்யூபிஏ2 கடவுச்சொல் தெரிந்திருந்தாலும், அந்தச் சாதனம் இணையும்போது நடக்கும் நான்கு இஏபிஓஎல் (மறையாக்கச் சாவியை உருவாக்கும்) பரிமாற்றமும் பிடிபட்டால்தான் உள்ளே இருப்பதைப் பிரிக்க முடியும். ஆகவே பிடிக்கத் தொடங்கிய பிறகு சோதனைக் கைபேசியின் வைஃபையை அணைத்துப் போடுங்கள். டபிள்யூபிஏ3இல் கடவுச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இணையத்தில் இன்று பெரும்பகுதி டிஎல்எஸ், ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் பின்னாலுள்ள மறையாக்கம். பிரவுசர் முதலில் அனுப்பும் கிளையன்ட் ஹலோவில் தளத்தின் பெயர் பொதுவாகத் தெரியும். டிஎல்எஸ் 1.2 என்றால் சான்றிதழையும் பார்க்கலாம், 1.3இல் அதுவும் மறைந்துவிடும். உங்கள் சொந்தப் பிரவுசரின் தரவைத் திறந்து பார்க்க நேர்மையான வழி இருக்கிறது: எஸ்எஸ்எல் கீ லாக் ஃபைல் என்ற நான்கு சொற்களையும் பெரிய எழுத்தில், இடைவெளியில்லாமல் ஒரே பெயராக எழுதி, சூழல் மாறியாக அமைத்து, ஒரு கோப்பின் பாதையைக் கொடுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அமர்வுச் சாவிகளை அதில் எழுதும். வயர்ஷார்க்கின் பிரிஃபரன்சஸ், புரோட்டோகால்ஸ், டிஎல்எஸ் பகுதியில் அதே கோப்பைக் காட்டினால் ஹெச்டிடிபி2 வரிகள் பளிச்சென்று வந்துவிடும். வராவிட்டால் முக்கால்வாசி காரணம், பிரவுசர் பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கும். முழுதாக மூடிவிட்டுத் திறக்க வேண்டும். சோதனை முடிந்ததும் மாறியை நீக்கிவிட்டுக் கோப்பை அழியுங்கள். அந்தக் கோப்பு கையில் கிடைத்தவர், பிடித்துவைத்த உங்கள் தரவு முழுவதையும் படித்துவிடுவார்.

டிசிபி 443 எதிர்பார்த்த இடத்தில் யுடிபி 443 ஓடினால் அது க்விக், ஹெச்டிடிபி3க்கு அடியில் இருப்பது. டிசிபி படிக்க வந்தவர்கள் பிரவுசரில் க்விக்கை அணைத்துவிட்டுப் பிடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வடிகட்டிகளும் எரிச்சல்களும்

முதல் நாளிலேயே எல்லாரும் மாட்டிக்கொள்ளும் விஷயம்: பிடிக்கும்போது போடும் வடிகட்டிக்கு ஒரு இலக்கணம், பிடித்த பிறகு காட்சிக்குப் போடும் வடிகட்டிக்கு வேறு இலக்கணம். முன்னது டிசிபிடம்ப் (கட்டளை வரியில் பாக்கெட் பிடிக்கும் கருவி) காலத்து மொழி, பின்னது வயர்ஷார்க்கின் சொந்த மொழி. ஒன்றில் எழுதுவதை மற்றொன்றில் ஒட்டினால் பெட்டி சிவப்பாகும். வரலாற்றுக் காரணம் புரிகிறது, அதற்காக எரிச்சல் குறைவதில்லை. காட்சி வடிகட்டியை மனப்பாடம் செய்ய வேண்டாம். நெறிமுறையின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்தாலே பாதி வேலை முடியும். மீதிக்கு, நடுப் பலகத்தில் வேண்டிய புலத்தின் மேல் வலச் சொடுக்கு செய்து 'அப்ளை ஆஸ் ஃபில்டர்' கொடுத்தால் சரியான இலக்கணத்தில் மேலே தானே எழுதிக்கொள்ளும். அதே மெனுவில் 'அப்ளை ஆஸ் காலம்' என்பதும் இருக்கிறது. எந்தப் புலத்தையும் பட்டியலில் ஒரு பத்தியாக்கிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற கருவிகளை விட்டு இதற்கு வரலாம். 'சமமில்லை' குறியின் பொருள் 3.6 பதிப்பில் திருத்தப்பட்டது. அதற்கு முன், ஒரு முகவரியை விலக்க அதைப் பயன்படுத்தினால் எல்லாமே திரையில் நிற்கும். பழைய பாடக் குறிப்புகளில் அதற்கான எச்சரிக்கை இருந்தால் குழம்ப வேண்டாம்.

நீண்ட நேரம் பிடிக்கவென்று வரைகலைத் திரையை ஓட்டுவது தப்பு. முழு வேகத்தில் ஓடும் 100 எம்பிபிஎஸ் இணைப்பு விநாடிக்கு 12.5 எம்பி, நிமிடத்துக்கு 750 எம்பி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வயர்ஷார்க் நினைவகத்தில் கணக்கு வைத்துக்கொள்வதால் ரேம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மூடிக்கொள்ளும். கூடவே வரும் டம்ப்கேப் கட்டளையில் ரிங் பஃபர் வைத்து, 100 எம்பி கோப்புகள் 20 என்று அமைத்துவிட்டால், பழையது அழிந்து புதியது எழுதப்படும், வட்டில் 2 ஜிபிக்கு மேல் போகாது. தலைப்புகள் மட்டும் போதுமென்றால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். கோப்பு சுருங்கும், உள்ளடக்கமும் பெரும்பாலும் வெளியே போகாது.

பிடித்த கோப்பை உதவி கேட்டு யாருக்காவது அனுப்பும் முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும். எஃப்டிபி, டெல்நெட், மறையாக்கம் இல்லாத ஹெச்டிடிபி ஆகியவற்றில் கடவுச்சொல் அப்படியே இருக்கும், 'ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீம்' கொடுத்தால் கதைபோல் வாசிக்கலாம். வேண்டிய உரையாடலை மட்டும் வடிகட்டி, 'எக்ஸ்போர்ட் ஸ்பெசிஃபைடு பாக்கெட்ஸ்' வழியாக அதை மட்டும் தனிக் கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள்.

யாருக்கு இது வேண்டாம்? ரவுட்டர், ஸ்விட்ச் அமைத்துப் பழக வேண்டும், கையில் வன்பொருள் இல்லை என்பவருக்கு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர்தான் முதலில் வேண்டும். அதில் பாக்கெட்டை ஒவ்வொரு தாவலாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் அது பாவனை, உண்மைப் பிணையத்தின் அழுக்கு ஒன்றும் அதில் இருக்காது. திரையில்லாத சர்வரில் டிசிபிடம்ப் கொண்டு கோப்பாக எழுதி, இங்கே கொண்டுவந்து திறப்பதே வழக்கம். எதையும் நிறுவ அனுமதியில்லாத விண்டோஸ் 10, 11 கணினியில் பிகேடிமான் என்ற கட்டளை ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. நிர்வாகி உரிமை மட்டும் வேண்டும். அது எழுதும் இடிஎல் கோப்பைப் பிகேப்என்ஜி வடிவுக்கு அந்தக் கட்டளையாலேயே மாற்றினால் வயர்ஷார்க்கில் திறக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ரூட் இல்லாமல் பிடிக்க பிகேப்டிராய்டு இருக்கிறது. கைபேசிக்குள்ளேயே ஒரு விபிஎன்போல் நின்று எல்லாவற்றையும் தன் வழியாக ஓடவிட்டுப் பிடிக்கிறது, அதனால் அது ஓடும்போது வேறு விபிஎன் போட முடியாது. எந்தச் செயலி எந்த முகவரியோடு பேசுகிறது என்று செயலிவாரியாகவும் பிரித்துத் தரும். இதை வயர்ஷார்க் பொதுவாகத் தருவதில்லை.